ஒன்பதாம் எண் தோட்டம்

டாக்சி என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஓட்டுநர் மேல் தப்பில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான்தான் நிறுத்தச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் வீடு எனக்கே அடையாளம் தெரியவில்லை. கல் சுவர், பச்சைக் கதவு, கோணலான புகைபோக்கி எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. வாசலுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு விட்டுவிட்டுப் போன தோட்டம், முழங்காலுக்குக் கீழே, அளவு வைத்துச் சீவியதுபோல ஒரே மட்டத்தில் மொட்டையாக நின்றது. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி இறங்கினேன். பக்கத்து வீட்டு நார்மன் என் தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எழுபத்து நாலு வயது மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்றார். "இருபத்தெட்டாந் தேதி, ஒத்த ஆளா, ஒரே நாள்ல முடிச்சேன். பதினாலாந் தேதி தோட்டம் பாக்க சனம் வருதே, நீ அக்காவப் பாத்துக்கிட்டு அலுத்துப்போயி வந்து எப்பச் சுத்தம் பண்ணப்போறேன்னு நெனச்சேன். காடா மண்டிக் கெடந்துச்சும்மா."

நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது காடு இல்லை. பதினோரு வருட வேலை. பனி மூன்று மாதம் வாட்டினாலும் வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏப்ரலில் மறுபடி தலை நீட்டுகிற செடிகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தது. ஃப்ளாக்ஸ், ஹெலினியம், மணி மணியாகப் பூக்கும் கம்பானுலா, ஆஸ்டர். அவற்றுக்கு நடுவே, யாரும் காசு கொடுத்து வாங்காத காட்டுப் பூக்கள்: ஸ்கேபியஸ், நாப்வீட், வெள்ளை டெய்சி, காட்டு மார்ஜோரம். பாதியை ரயில் பாதையோரத்திலிருந்து விதையாகக் கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். எது நட்டது, எது தானாக முளைத்தது என்று தெரியாதபடி கலந்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பதற்கு எவ்வளவு வேலை என்பது செய்தவளுக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது களை. குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் அதுவாவது பூ என்று தெரிந்துதான் பிய்க்கும். நார்மனுக்கு அதுவும் தெரியவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுப்பது ஒரு மரியாதை. ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால், வெளியூர் போயிருந்தால், வீட்டில் சாவு விழுந்தால், கேட்க மாட்டார்கள், சொல்ல மாட்டார்கள், மெஷினை உருட்டிக்கொண்டு வந்து வெட்டிவிட்டுப் போவார்கள். வாய்விட்டு ஆறுதல் சொல்லத் தெரியாத சனம், புல்லை வெட்டித்தான் சொல்லும். என் கணவர் லென் இறந்த வாரம் இதே நார்மன் வந்து இதே இடத்தை வெட்டினார். அப்போது இங்கே புல்தரைதான் இருந்தது. அன்று ஜன்னலில் நின்று பார்த்து, நன்றி சொல்லக்கூட முடியாமல் அழுதேன். அடுத்த வசந்தத்தில் அந்தப் புல்லை மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிட்டுச் செடி வைக்க ஆரம்பித்தேன். நார்மனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வீட்டு முன்பக்கம் புல்லைத் தவிர வேறு கிடையாது. அதில் ஒரு கோடு வெளிர்பச்சை, ஒரு கோடு கரும்பச்சை என்று சனிக்கிழமை தவறாமல் வரி போடுவார். ஒரு டெய்சி தலை தூக்கினால் அன்றைக்குத் தூக்கம் வராது அவருக்கு.

அன்று நான் சொன்னது ஒரே வார்த்தை. "போயிடு யோவ்."

அவர் முகம் மாறியதைப் பார்க்கக்கூட நான் நிற்கவில்லை.

பதினாலாம் தேதி என்று அவர் சொன்னது எங்கள் ஊர்த் தோட்ட ஞாயிறு. வருடத்தில் ஒரு நாள், மாதா கோயில் கூரைக்காக, எங்கள் நெதர் காட்லி கிராமத்தில் நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் வாசலைத் திறந்துவிடுவார்கள். ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்க இருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மஞ்சள் தாளில் ஒரு வரைபடம் கையில் கொடுப்பார்கள், எந்தெந்த வீடு என்று எண் போட்டு. அந்த வரைபடத்தைப் போடுகிறவர் டாஃப்னி ஹார்ட்வெல், முதலாம் எண் வீடு, சொல்ல வேண்டியதில்லை. நான் பர்மிங்காமில் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு லென்னோடு இங்கே வந்தவள். இருபத்தாறு வருடம் ஆகியும் ஊருக்கு நான் 'அந்த பர்மிங்காம் பொம்பளை'தான். தபால் கொண்டுவரும் பெண் என்னைவிட இருபது வருடம் கழித்துப் பிறந்தவள், அவள்கூட அப்படித்தான் சொல்வாள். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. தேவாலயத்தில் வணக்கம் சொல்வார்கள், கேக் விற்பனைக்குக் கேக் கேட்பார்கள். ஆனால் வரைபடத்தில் என் வீடு இருக்கிற சந்து வெறும் வளைவாக முடிந்துவிடும், அதற்கப்புறம் ஆறுதான், ஆள் இல்லை என்பதுபோல. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தாளைக் கையில் வாங்கி அந்த வளைவைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஓர் எண் வேண்டும். அறுபத்தேழு வயதில் இதற்கா ஆசைப்படுவது என்று என் அக்கா கேட்டாள். இதற்குத்தான்.

இந்த வருடம் கிடைத்தது. போன கோடையில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து டாஃப்னி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்து, ஒன்பது என்று எழுதினார். முந்நூறு பிரதி அச்சாகியும்விட்டது. அக்காவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று நான் கிளம்பும்போது ஒரு பிரதியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய், மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக அவளிடம்தான் காட்டினேன்.

நான் திரும்பிய மறுநாள் டாஃப்னி வந்தார். தெருக்கதவருகே நின்று மொட்டைத் தண்டுகளைப் பார்த்தார். அவர் வளர்ந்த வீட்டில் சத்தமாகப் பேசவே கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"நார்மன் எல்லாத்தையும் சொன்னாரு. பாவம், நல்லது பண்றதா நெனச்சுட்டாரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாமே, டோரீன். வர்றவங்க டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க இல்லையா."

"பன்னண்டு நாள் இருக்கே" என்றேன், அதில் அர்த்தம் இல்லை என்று தெரிந்தும்.

"மேப்ல அந்த நம்பர மறைச்சுடறோம். யாருக்கும் தெரியாது."

மறைத்தார்கள். முந்நூறு தாளிலும், ஒன்பது என்ற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டினார்கள். மஞ்சள் தாளில் வெள்ளைச் சதுரம். யாருக்கும் தெரியாதாம். மாதா கோயில் வாசலில் ஒன்று கிடைத்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்பது தெரிந்தது.

நார்மனோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை, ஆனால் அவர் பேச்செல்லாம் ரூபார்ப் கட்டாக என் வாசற்படியில் வந்து இறங்கியது. அவர் வீட்டுக் கொல்லையில் விளைவது அந்தப் புளிப்புத் தண்டு ஒன்றுதான். ஒவ்வொரு கட்டையும் அவர் கண்ணுக்குத் தெரியும்படியாகக் கொண்டுபோய் உரக்குழியில் போட்டேன். நாலாவது கட்டுக்கு அப்புறம் ஒரு டப்பா பிஸ்கட் வந்தது. பிஸ்கட்டைத் தின்றேன். பேசவில்லை.

தோட்டத்தையும் ஒரு வாரம் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் துணி காயப்போடப் போனபோது கண் தானாகப் போயிற்று. வெட்டுப்பட்ட ஒவ்வொரு தண்டிலும், வெட்டுவாய்க்குக் கீழே, அரிசி அளவுக்குப் பச்சை. ஒன்று இல்லை, இரண்டிரண்டு. சிலதில் நாலு. லண்டனில் பெரிய பூக் கண்காட்சி நடக்கும் மே கடைசி வாரத்தில் சில பேர் வேண்டுமென்றே செடியைப் பாதிக்கு வெட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூ தள்ளிப்போகும், ஆனால் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் வரும் என்பார்கள். எனக்கு ஒரு நாளும் மனசு வந்ததில்லை. மொட்டு வைத்த செடியில் கத்தரி வைக்க எப்படிக் கை வரும்? இப்போது வேறு ஆள் கை வந்துவிட்டது. தள்ளிப் பூத்து என்ன பிரயோசனம், பதினாலாம் தேதிக்கு வராதே என்று துணியை மாட்டிவிட்டு உள்ளே போனேன். ஆனாலும் அன்று சாயங்காலம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காற்று ஆரம்பித்தது. வேல்ஸ் மலைப்பக்கமிருந்து இரண்டு நாள், மழையும் காற்றும், நின்று வேடிக்கை பார்க்கக்கூட விடாத மழை. சனிக்கிழமை மத்தியானம் ரொட்டி வாங்கப் போனபோது டாஃப்னியின் தோட்டத்தைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு நீலமும் ஊதாவுமாக நின்ற டெல்ஃபினியம் எல்லாம், முட்டுக்கொடுத்த மூங்கிலோடு சேர்ந்து பாதையில் படுத்துக் கிடந்தன. பியோனிப் பூக்கள் நனைந்த காகிதக் கைக்குட்டைபோல ஆகிவிட்டன. அவர் மழைக்கோட்டோடு நடுவில் நின்றிருந்தார். சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. ஒரு தோட்டம் விழுந்து கிடப்பதைப் பார்க்கும்போது அது யாருடையது என்று தோன்றுவதில்லை. வண்டி நிறுத்தும் வயலில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே. தோட்ட ஞாயிற்றைத் தள்ளிவைத்தார்கள். ஜூலை ஞாயிறுகள் எல்லாம் பள்ளிக்கூட விழாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் பக்கத்து ஊர்த் தோட்டங்களுக்கும் போய்விட்டதால், கடைசியில் ஆகஸ்ட் இரண்டு என்று முடிவானது.

மழை போனதும் வெயில் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் ஒரு சொட்டு இல்லை. ரோஜா ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்துவிட்டது. லூபின் இலைகளில் சாம்பல் நோய் பூத்தது. ஊர்ப் புல்தரையெல்லாம் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. நார்மனுடையதும்தான். அவர் வரி போட வந்து, வரி தெரியாமல், மெஷினைத் திரும்ப உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் பக்கத்தில் ரயில் பாதையோரத்துச் சரளைக்கல்லில் பிறந்த செடிகளுக்கு இந்த வெயில் தாய்வீடு. ஒவ்வொரு தண்டும் நாலாகி, நாலும் மொட்டு வைத்தது. முட்டு வேண்டாம், கயிறு வேண்டாம், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இடுப்புக்குக் கீழே திட்டாக நின்றன. ஜூலை இருபதாம் தேதி முதல் ஃப்ளாக்ஸ் விரிந்தது. அதற்கப்புறம் காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன், டீ ஆறிப்போகும்வரை. ஊதா, வெள்ளை, செம்பு நிறம், அதற்கு மேலே வண்டுகளின் இரைச்சல். பதினோரு வருடத்தில் இப்படிப் பூத்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தவரோடுதான் பேச்சே கிடையாதே.

இருபத்து நாலாம் தேதி டாஃப்னி வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. இந்தத் தடவை கதவருகே நிற்கவில்லை, பாதையில் பாதி தூரம் வந்து நின்றார். பூத்திருந்த திட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார்.

"அஞ்சு பேர் வேண்டாம்னுட்டாங்க" என்றார் கடைசியில். "மூணாம் நம்பர், நாலு, ஏழு, எட்டு, பதினொண்ணு. காட்டறதுக்கு ஒண்ணும் இல்லையாம். என்னோடதுலயும் இலைதான் இருக்கு."

"அடப்பாவமே" என்றேன்.

"டோரீன், நீங்க..."

"அந்தப் பெட்டியில என்ன?"

"மேப்தான். முந்நூறும்."

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். அந்த நிமிடத்தை நான் கொஞ்சம் நீட்டித்தேன், மறுக்க மாட்டேன். ஃப்ளாக்ஸில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினேன். இன்னொன்றைக் கிள்ளினேன்.

"தோட்டத்தத் தொறக்கறேன்" என்றேன். "ஆனா ஒட்டினத நீங்கதான் உரிக்கணும். எங்க வீட்டு மேசையில ஒக்காந்து."

அவர் சிவந்துபோனார். அப்புறம் சிரித்துவிட்டார். அந்த அம்மாளுக்குச் சிரிக்க வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நல்ல பசையாப் போட்டுத் தொலைச்சேன்" என்றார்.

ஒரு மத்தியானம் முழுக்க உரித்தோம். ஆமாம், நானும்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தோம், வரவில்லை. கெட்டில் கொதிக்கும் ஆவியில் காட்டினால் வந்தது. தாளெல்லாம் நெளிந்து, மஞ்சள் கொஞ்சம் கரைந்து, ஒன்பது மட்டும் மற்ற எண்களைவிடப் பளிச்சென்று நின்றது. நாலு பானை டீ ஆயிற்று. பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்துக் கதைகளை அவர் கேட்டார், நான் சொன்னேன். சொல்லக்கூடாத கதைகளையும் சொன்னேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி பத்து மணிக்கே சந்தில் ஆள் நின்றது. பதினோரு மணிக்கு அது வரிசையாகி வளைவைத் தாண்டியது. முதலில் ஊருக்குப் புதியவர்கள் வந்தார்கள். அப்புறம் அவர்கள் போய்ச் சொல்லி, ஊர்க்காரர்களே ஒவ்வொருவராக வந்தார்கள். இத்தனை வருடம் என் வாசலைத் தாண்டி நாயை இழுத்துக்கொண்டு போனவர்கள், நாயைக் கதவில் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். குனிந்து பார்ப்பார்கள், ஒரு பெயர் கேட்பார்கள். பாதிப் பேருக்கு, தங்கள் வேலியோரத்திலேயே அது முளைக்கிறது, தாங்களே பிடுங்கிப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. "இதையா களைன்னு நெனச்சோம்" என்று பாதிரியார் மனைவி சொன்னபோது, நான் "களைதான்" என்றேன். "வைக்கிற எடத்துல வச்சா பூ." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கண்டக்டர் குரல் எங்கேயும் போகவில்லை.

மூன்று மணி சுமாருக்கு ஒரு கிழவர் வந்தார். வேல்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் செடிப்பண்ணை வைத்திருப்பவராம், ஐம்பது வருடமாக இதே தொழில். யாரோடும் பேசாமல், முட்டி போட்டு, இலைகளை விலக்கி, தண்டு பிரிந்த இடத்தைத் தேடிப் பார்த்தார்.

"என்னைக்கு வெட்டினீங்க?" என்று கேட்டார்.

"மே இருபத்தெட்டு."

"சரியான நாள். ஒயரமும் சரி. நானே இத்தன தைரியமா வெட்ட மாட்டேன். நீங்கதான் வெட்டினதா?"

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது. டாஃப்னிக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்க மாட்டார். தலை நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு வெளியே, வண்டிகளை வயலுக்குத் திருப்பிவிடும் மஞ்சள் சட்டையோடு, நார்மன் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. காலையிலிருந்து ஒரு தடவையும் உள்ளே வரவில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நார்மன்" என்று கூப்பிட்டேன். அறுபத்தோரு நாளில் முதல் வார்த்தை. "இங்க வாங்க. இவர்தான் வெட்டினது."

அவர் வந்தார். ஜனம் வழி விட்டது. என்னைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். பண்ணைக் கிழவர் எழுந்து கை கொடுத்தார்.

"இந்த ஒயரத்துல நிறுத்தணும்னு எப்படிக் கணக்குப் பண்ணினீங்க?"

நார்மன் ரொம்ப யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

"முதுகு புடிச்சுக்கிச்சு" என்றார். "அதுக்குக் கீழ குனிய முடியல."

கிழவர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி விழுந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நார்மனும் சிரித்தார், எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்து தொலைத்தது. பதினாலாம் தேதியை நான் இழந்தது இவர் கையால்தான், இன்றைக்குத் தோட்டம் நிற்பது இவர் முதுகால்தான். கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன். "ரூபார்ப்பை மட்டும் நிறுத்துங்க" என்றேன் அவர் காதில்.

டாஃப்னிதான் முதலில் கேட்டார். அதுவும் மற்றவர்கள் காதில் விழும்படி, வேண்டுமென்றே. "இந்த ஊதா ஃப்ளாக்ஸ்ல எனக்கு ஒரு துண்டு கெடைக்குமா, டோரீன்?"

எங்கள் ஊரில் ஒருத்தர் தோட்டத்திலிருந்து ஒரு துண்டு வேர் கேட்பது சாதாரணக் காரியம் இல்லை. கேட்டுவிட்டால் அந்தச் செடி இருக்கும்வரை அது கொடுத்தவர் பெயரில்தான் இருக்கும். ஊரில் 'திருமதி பீச்சின் ஜெரேனியம்' என்று ஒன்று இருக்கிறது. அந்தத் திருமதி பீச் இறந்து நாற்பது வருடம்.

"இப்பத் தோண்டினா செத்துப்போயிடும்" என்றேன். "அக்டோபர்ல வாங்க, வேரோட பிரிச்சுத் தரேன். உங்க பேரையும் எந்தச் செடின்னும் ஒரு அட்டையில எழுதி அது பக்கத்துல நட்டுட்டுப் போங்க."

விதைத் தட்டில் வைக்கும் வெள்ளை அட்டைகள் இருபதும் கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயின. வரிசை தீரவில்லை. நார்மன் சந்து முனையில் நின்ற ஐஸ் வண்டிக்குப் போய், அங்கே குப்பைத்தொட்டியில் கிடந்த குச்சிகளையெல்லாம் பொறுக்கி, என் குழாயில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். ஒரு பென்சில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. மை மழையில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும்.

ஏழு மணிக்குக் கடைசி ஆளும் போன பிறகு, வெயில் இன்னும் கூரை மேல் இருக்கும்போதே, பூவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். செடிக்குச் செடி பெயராக நின்றது. ஹார்ட்வெல். பஃப்டன், இரண்டு குச்சி. தபால் கொண்டுவரும் பெண். மாதா கோயில் மணி அடிப்பவர். இருபத்தாறு வருடம் நான் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த குடும்பங்களின் பெயர்கள், சிலது ஸ்ட்ராபெரிச் சிவப்பு இன்னும் போகாத குச்சியில், என் மண்ணில் ஊன்றி நின்றன. ஒவ்வொரு பெயரின் காலடியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். வேலியோரம், மார்ஜோரத்துக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காதபோது செருகியதுபோல ஒரு குச்சி சாய்ந்து நின்றது. பெரிய எழுத்தில், அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது: நார்மன். அதன் கீழே செடியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில்: எதுவானாலும் சரி.

மண் காய்ந்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, அந்தக் குச்சியை நேராக நிறுத்தி, இன்னும் ஒரு விரற்கடை ஆழத்துக்கு அழுத்தினேன்.